யாரிடம் விமானம், யாரிடம் ஓடுபாதை?

துபாயில் இருக்கும் மச்சான் லீவுக்கு வரும்போதெல்லாம் டிக்கெட் விலையைச் சொல்லிப் புலம்புவார். "கூட்டம் இருக்குல்ல, இன்னும் ரெண்டு ஃப்ளைட் விட்டா என்னவாம்?" அப்படி இஷ்டத்துக்கு விட முடியாது. இரண்டு அரசாங்கங்கள் பேரம் பேசி ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும்.

இந்தப் பேரத்தின் கதை 1944 நவம்பரில் சிகாகோவில் ஆரம்பிக்கிறது. 52 நாடுகள் கூடின. போர்க்காலத்தில் பயணிகள் விமானமாக மாற்றக்கூடியவற்றைச் செய்து குவித்தது அமெரிக்கா. பிரிட்டனிடம் விமானம் குறைவு, ஆனால் உலகமெங்கும் இறங்குமிடங்கள். கட்டுப்பாடே வேண்டாம் என்றது அமெரிக்கா. எத்தனை விமானம், என்ன கட்டணம் என்று முன்கூட்டியே பங்கு போடுவோம் என்றது பிரிட்டன். உடன்பாடு வரவில்லை.

பெரிய சிக்கல் 'ஐந்தாவது உரிமை'. சென்னை பஸ் பெங்களூரில் நின்று பம்பாய்க்கு ஆள் ஏற்றினால் கர்நாடகக்காரர் சும்மா இருப்பாரா? அதேதான்.

1946 ஜனவரியில் இருவரும் பெர்முடா தீவில் மறுபடி உட்கார்ந்தார்கள். எங்கள் வங்கிக்காரப் புத்திக்கு சுவாரசியமான இடம் இதுதான். அமெரிக்கா 375 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க காங்கிரஸ் இன்னும் ஒப்புதல் தரவில்லை. கையெழுத்து ஆகி, பணம் கைக்கு வராத கடன்! அந்த நிலையில் இருக்கும் பார்ட்டி எவ்வளவு பணிவாகப் பேசுவார் என்று லோன் செக்‌ஷனில் இருந்தவர்களைக் கேளுங்கள் :-)

பிப்ரவரி 11-ல் ஒப்பந்தம். எத்தனை விமானம் என்பதில் பிரிட்டன் இறங்கி வந்தது. ஐந்தாவது உரிமையும் சில வரம்புகளோடு கிடைத்தது. கட்டண விஷயத்தில் அமெரிக்கா விட்டுக்கொடுத்தது: விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா கட்டணம் பேசும், அரசுகள் அங்கீகரிக்கும். (அந்தக் கடனின் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டியது 2006 டிசம்பரில்!)

அதே 1946 நவம்பரில் இந்தியாவும் அமெரிக்காவோடு பெர்முடா பாணியில் ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது நம் கம்பெனி எதுவும் ஐரோப்பாவுக்குக்கூடப் பறக்கவில்லை. பம்பாய்–லண்டன் சேவையே 1948 ஜூனில்தான் வந்தது. காகிதத்தில் சம உரிமை. ஆள் ஏற்றியதோ அவர்கள். 1954-ல் இந்தியா நோட்டீஸ் கொடுத்தது, மறு வருடம் ஜனவரியில் ஒப்பந்தம் காலாவதி. சுதந்திரம் வாங்கி ஏழே வருடத்தில் இப்படிச் செய்ய தைரியம் வேண்டும் என்பது என் கட்சி. புது ஒப்பந்தம் 1956 பிப்ரவரியில் டெல்லியில் கையெழுத்தானது. ஏர் இந்தியாவின் போயிங் 707 நியூயார்க் போக ஆரம்பித்தது 1960 மே மாதம்.