சித்தூர், திருப்பதி சொத்து வரி: மாமன்றம் இல்லாத காலத்தில் மாறிய விதி

ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி மாநகராட்சிகளில் சொத்து வரி கணக்கிடும் முறை 2021 ஏப்ரல் முதல் மாற்றப்பட்டது. ஆண்டு வாடகை மதிப்புக்குப் பதிலாக, நிலம் மற்றும் கட்டடத்தின் மூலதன மதிப்பு அடிப்படையாக்கப்பட்டது. இதற்கான விதிகள் 2020 நவம்பரில் வெளியானபோது, இவ்விரு நகரங்களிலும் கருத்துக் கூறத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை.

மாற்றத்தின் தொடக்கம் டெல்லியில் உள்ளது. கொரோனா பரவலால் மாநிலங்களின் வருவாய் சரிந்த நிலையில், மொத்த உற்பத்தி மதிப்பில் 2 சதவீதம் வரை கூடுதல் கடன் பெற மத்திய அரசு 2020 மே மாதம் அனுமதித்தது. அதில் ஒரு பகுதி சீர்திருத்தங்களுடன் இணைக்கப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பங்கு 0.25 சதவீதம். பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பை ஒட்டிச் சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்கள் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

இவற்றை முதலில் நிறைவேற்றியவை ஆந்திரமும் மத்தியப் பிரதேசமும் என மத்திய நிதி அமைச்சகம் 2021 ஜனவரியில் அறிவித்தது. ஆந்திரத்துக்கு ரூ.2,525 கோடி கூடுதல் கடன் அனுமதி கிடைத்தது. கடன் பெறுவது மாநில அரசு. அதற்கான நிபந்தனையின் சுமை நகரவாசிகளின் வரிச்சீட்டில் ஏறியது.

சித்தூரில் 2014-இல் அமைந்த மாமன்றத்தின் பதவிக்காலம் 2019-இல் முடிந்தது. திருப்பதியின் நிலை இன்னும் மோசம். 2007-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட பின் 2021 வரை அங்கு மாநகராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் இருந்தது. இவர்கள் மாநில அரசின் அதிகாரிகள் என்பதால், அவர்களிடம் கருத்துக் கேட்பது அரசு தன்னிடமே கேட்டுக்கொள்வதற்கு ஒப்பானது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு. 2020 மார்ச்சில் தொடங்கிய தேர்தல் நடைமுறையும் கொரோனாவால் நின்று, 2021 மார்ச் 10-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது.

புதிய மாமன்றங்கள் பொறுப்பேற்ற சில வாரங்களில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. எந்த அடிப்படையில் வரி விதிப்பது என்பது அதற்குள் சட்டமாகிவிட்டதால், அரசு வகுத்த வரம்புக்குள் விகிதத்தைப் பேசுவது மட்டுமே அவற்றுக்கு எஞ்சியது. ஆண்டு உயர்வு 15 சதவீதத்தைத் தாண்டாது என்று அரசு உறுதி கூறியது. பதிவு மதிப்பு திருத்தப்படும்போதெல்லாம் வரியும் உயரும் என்பது எதிர்க்கட்சிகளின் வாதம்.

சட்டப்படி இதில் மீறல் இல்லை. எந்த வரியை உள்ளாட்சிகள் விதிக்கலாம் என முடிவு செய்யும் அதிகாரத்தை 243-எக்ஸ் பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கே அளிக்கிறது. உள்ளாட்சிகளைக் கலந்தாலோசிக்குமாறு அது கட்டாயப்படுத்தவில்லை. ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டிய மாவட்டத் திட்டக் குழுவின் பணியும் வளர்ச்சித் திட்டங்களைத் தொகுப்பதே. வரி அதன் வரம்பில் வராது.

தமிழகத்திலும் 15-வது நிதிக்குழுவின் நிபந்தனையைக் காரணம் காட்டி 2022 ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, அவ்வாண்டு பிப்ரவரியில், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்திருந்தது. உயர்வை முடிவு செய்தது அரசே என்றாலும், மாமன்றங்களில் எதிர்ப்புத் தெரிவிக்கவும் வெளிநடப்புச் செய்யவும் உறுப்பினர்கள் இருந்தனர்.

சித்தூர், திருப்பதியில் 2021 மார்ச்சில் அமைந்த மாமன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 மார்ச் வரையிலானது.