நச்சு நீக்கமும் நெடுஞ்சிகிச்சையும்: அபின்வகைப் போதை வைத்தியம் பற்றி ஓர் ஆய்வு

அபின், மார்பின், ஹெராயின் என்னும் ஒரே குலத்து வஸ்துக்களுக்கு அடிமைப்பட்ட ஒருவரை வைத்தியசாலையில் சேர்த்து, சில வாரங்கள் அவ்வஸ்து கைக்கு எட்டாதபடி காத்து, தேகம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர் குணமடைந்துவிட்டார் என்னும் எண்ணம், பொதுஜனங்களிடையே மட்டுமன்றி வைத்தியர்களிடையேயும் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. நச்சு நீக்கம் எனப்படும் அம்முறை சிகிச்சையின் தொடக்கமேயன்றிச் சிகிச்சை ஆகாது. அதனையே சிகிச்சையென்று கொண்டு நின்றுவிட்டால் உயிர்ச்சேதமே நேரும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெராயினை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் கொட்டாவி மேல் கொட்டாவியாக வருகிறது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறது. மயிர்க்கூச்செறிந்து, எலும்புக்குள் நோவெடுத்து, கால்கள் தம்மையறியாமல் உதைத்துக்கொள்கின்றன. வாந்தியும் பேதியும் தேகத்தை வற்றச் செய்கின்றன. இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டும் இவ்வேதனை ஒரு வாரம் பத்து நாட்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. காண்பவர் நெஞ்சை உருக்கும் இத்துன்பமே வியாதியென்றும், அது தணிந்ததால் வியாதியும் தீர்ந்ததென்றும் உறவினர் நினைப்பது இயல்பே. ஆயினும் உறக்கமின்மையும், மனச்சோர்வும், அவ்வஸ்துவின் மீதுள்ள தாகமும் அதன்பின் மாதக்கணக்கில் நீடிக்கின்றன.

நச்சு நீக்கமே சிகிச்சை என்னும் எண்ணத்துக்கு நேர்ந்த மாபெரும் பரீட்சை, அமெரிக்க ஐக்கிய நாட்டில் கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகருக்கு அருகே 1935-இல் அந்நாட்டு அரசாங்கம் திறந்த வைத்தியசாலையாகும். கைதிகளும் தாமே விரும்பி வந்தவர்களும் அங்கு ஒருங்கே தங்கி, படிப்படியாக மருந்து குறைக்கப்பெற்று, பண்ணையிலும் தொழிற்கூடங்களிலும் உழைத்து, நல்லுணவும் நற்காற்றும் பெற்று, உடல் தேறி வெளியேறினார்கள். ஆனால் நியூயார்க் நகருக்குத் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் பழைய வழக்கத்துக்கே சென்றிருந்தது புலனாயிற்று. அதன் காரணத்தை உய்த்துணர உதவிய அவதானம் ஒன்றும் அவ்வைத்தியசாலையிலேயே பிறந்தது. பல மாதங்களாக மருந்தைத் தொடாத நோயாளிகள், கூட்டமாக அமர்ந்து அவ்வஸ்துவைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, அப்போதுதான் அதனை நிறுத்தியவர்கள்போலக் கொட்டாவி விட்டு, மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆபிரகாம் விக்லர் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டார். பேச்சொன்றே இவ்வளவு செய்யுமாயின், பழைய தெருவும் பழைய சிநேகிதரும் என்ன செய்யமாட்டா? நச்சு தேகத்தை விட்டு நீங்கிய பின்னும் நரம்பு மண்டலம் கற்ற பாடம் நீங்குவதில்லை.

மீண்டும் நாடுவது ஒரு துன்பம் என்றால், அதனினும் கொடியது அவ்வாறு நாடும்போது நேரும் மரணம். நாள்தோறும் உட்கொள்பவரின் தேகம் மிகப் பெரிய அளவையும் தாங்கப் பழகிவிடுகிறது; சில வாரங்கள் நிறுத்தியதும் அத்தாங்குதிறன் போய்விடுகிறது; பழைய நினைவில் பழைய அளவையே ஏற்றிக்கொள்பவரின் மூச்சு நின்றுவிடுகிறது. லண்டனில் 137 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை முடிந்த நான்கு மாதத்துக்குள் அளவு மீறி மாண்ட மூவரும், நச்சு நீக்கத்தைக் குறைவற முடித்துத் தாங்குதிறனை இழந்த 37 பேரைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். வெற்றியென்று பதிவேட்டில் எழுதப்பெற்றவர்களே மாண்டார்கள் என்பது வைத்தியர் சமூகம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தியாகும்.

லெக்சிங்டனில் பணியாற்றி அதன் தோல்வியை நேரில் கண்டிருந்த மேரி நைஸ்வாண்டர் என்னும் மனநோய் மருத்துவர், வளர்சிதை மாற்ற நோய்களை ஆராய்ந்துவந்த வின்சென்ட் டோலுடன் சேர்ந்து, நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1964-இல் புதிய வழியொன்றைத் தொடங்கினார். மார்பின் கொடுத்துவந்தபோது முதலிரு நோயாளிகளும் அடுத்த ஊசியின் நினைவாகவே பொழுதைப் போக்கினார்கள். அளவும் ஏறிக்கொண்டே போயிற்று. வாய்வழியாக உட்கொள்வதும், ஒரு வேளை மருந்தே நாள் முழுதும் நின்று வேலை செய்வதுமான மெத்தடோனுக்கு மாற்றியதும், ஒருவர் ஓவியம் வரையத் தலைப்பட்டார். மற்றவர் விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடிக்க ஆவல் கொண்டார். 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய அறிக்கை 1965-இல் வெளியாயிற்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது: இது ஒரு போதையைக் கொடுத்து மற்றொரு போதையை வாங்குவதாகாதா? இவ்வினா நேர்மையானது, இதற்கு வாதத்தைவிடப் பரிசோதனையே தக்க விடையளிக்கும். ஸ்டாக்ஹோமில் நடந்து 2003-இல் வெளியான பரிசோதனையில், நாற்பது நோயாளிகளுள் இருபதின்மர், மெத்தடோனைப் போன்றே மாற்றாக அளிக்கப்பெறும் புப்ரநார்ஃபின் மருந்தை ஓராண்டு முழுவதும் பெற்றார்கள். ஏனைய இருபதின்மர் ஆறு நாளில் அது குறைக்கப்பெற்று, அதன்பின் மருந்தற்ற போலி மாத்திரையே பெற்றார்கள். மனநல ஆலோசனையும் குழுச் சிகிச்சையும் இரு சாராருக்கும் சமமாகவே வழங்கப்பட்டன. ஆண்டிறுதியில் முதற்சாராரில் பதினைவர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள். இரண்டாஞ்சாராரில் ஒருவரும் இல்லை. அவர்களுள் நால்வர் இறந்துவிட்டனர். அதே ஆலோசனை, அதே பரிவு. வேறுபாடு மருந்து ஒன்றே. மேலும், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பீட்டின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்குங்கால் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3 ஆக உள்ள மரணம், அதிலிருந்து விலகியிருக்குங்கால் 36.1 ஆக உயர்கிறது.

இதனால் மருந்து மட்டுமே போதும் என்று கொள்வதும் தவறாகும். மெத்தடோனின் அளவைத் தொடக்க வாரங்களில் அவசரமாக உயர்த்தினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். ஹெராயினை நிறுத்தியதன் வேதனை தோன்றுமுன் புப்ரநார்ஃபினைக் கொடுத்தால் அவ்வேதனையே கடுமையாக மூளும். வேலையும், வீடும், பழிக்காத சுற்றமும் இன்றி எந்த மருந்தும் வாழ்வைக் கட்டிக்கொடுப்பதில்லை. ஆயினும் வாழ்வைக் கட்டுவதற்கு முதலில் ஆள் உயிரோடிருக்கவேண்டும். அந்த அவகாசத்தை அளிப்பதே மருந்தின் பணி.

ஆதலின், ஒரு சிகிச்சை நிலையத்தின் திறனை எத்தனை பேரை நச்சு நீக்கி வெளியே அனுப்பியது என்பதைக்கொண்டு அளக்கலாகாது. ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் உயிரோடு சிகிச்சையில் தொடர்கிறார்கள் என்பதைக்கொண்டே அளக்கவேண்டும். பிள்ளையையோ சகோதரரையோ அங்கு சேர்க்கச் செல்வோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.