கலைக்களஞ்சியத்தில் மாணவர் மன்றங்கள்

2001-இல் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியாவில் கல்லூரி மன்றங்களும் இடம் கேட்டன. பல கட்டுரைகளை உறுப்பினர்களே எழுதினர். அவற்றை வடிகட்ட ஓர் அளவுகோல் உருவானது: மன்றத்தோடு தொடர்பற்ற, நம்பகமான வெளியீடுகள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். வயதோ உறுப்பினர் எண்ணிக்கையோ போதாது; சொந்த வளாக இதழின் செய்தி மட்டும் இருந்தாலும் போதாது.

1823-இல் தோன்றிய ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற விவாத மன்றம் இந்த அளவுகோலில் எளிதாகத் தேறும். மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிட மாட்டோம் என்ற தீர்மானம் 1933-இல் அங்கே 275-க்கு 153 என்ற வாக்குகளில் நிறைவேற, பிரிட்டிஷ் நாளேடுகள் கொதித்தெழுந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் அமைந்த மாதிரி ரயில் மன்றம் சிறியதுதான். ஆனால் ஹேக்கர் பண்பாட்டின் தொட்டிலாக ஸ்டீவன் லெவியின் 1984 நூல் அதை விரிவாகப் பதிவு செய்தது. இப்படி எழுத ஆள் கிடைக்காத நல்ல மன்றங்கள் விடுபடுவது வருத்தத்துக்குரியதே. அவை பெரும்பாலும் தம் பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையில் ஓரிரு வரிகளாகச் சேர்க்கப்படுகின்றன.