சர்ப்பகந்தி: ஒரு வேரும் ஒரு பழைய பயமும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை பக்கத்துக்காரர்களுக்கு ஊளம்பாறை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. 1870-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம். எங்க ஒற்றசேகரமங்கலத்தில் "உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்பணும்" என்பது கேலிப்பேச்சு. அதனால்தான் மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒளித்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டிலும் கொஞ்சம் தேறியதும் "போதும், நிறுத்து" என்பார்கள். கூடவே, "அந்த மாத்திரை தற்கொலை எண்ணத்தைக் கொண்டு வருமாமே?" என்ற பயம்.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. அது தொடங்கியதே நம் நாட்டு மூலிகை ஒன்றில்தான்.

சர்ப்பகந்தி வேரை (மலையாளத்தில் அமல்பொரி) புத்தி பேதலித்தவர்களுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் இது பைத்தியத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று எழுதினார்கள். 1952-ல் ஸ்விஸ் கம்பெனி சீபா அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. 1954-ல் நியூயார்க்கில் நேதன் கிளைன் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் இருப்பதாக அறிவித்தார்.

சீக்கிரமே மறுபக்கமும் வந்தது. பிரஷருக்காக ரெசர்பின் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று டாக்டர்கள் எழுதினார்கள். ஆனால் 1955-ல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டுச் சோதித்தபோது, பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரெசர்பின் நன்மையே செய்தது! பழைய அறிக்கைகளைப் பிற்காலத்தில் அலசியவர்கள், மருந்துதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். நோயின் வேலையையும் மருந்தின் வேலையையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம்.

அதற்காக எல்லா எச்சரிக்கையும் பொய் என்று அர்த்தமில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் பற்றி 24 சோதனைகளை அலசிய அமெரிக்க மருந்துத் துறை 2004-ல் எச்சரிக்கை போட்டது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மாத்திரை எடுத்த பிள்ளைகளில் 100-க்கு 4 பேரிடம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 பேரிடம் தெரிந்தது. அந்தச் சோதனைகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. 2007-ல் எச்சரிக்கை 24 வயது வரை நீட்டப்பட்டது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அபாயம் குறைந்தே காணப்பட்டது.

லித்தியம் இன்னொரு பாடம். தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் மருந்து என்று பேர் வாங்கியது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் அந்த அபாயம் ஏறுகிறது.

ஆகவே வீட்டில் யாராவது மாத்திரை தொடங்கினால், முதல் சில வாரமும் டோஸ் மாறும்போதும் பக்கத்தில் இருங்கள். தூக்கம் கெட்டு, பதற்றம் கூடினால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நிறுத்துவதும் அவர் சொல்படி, மெதுவாக. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எழுதிக் கொடுங்கள். இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். போனில் பிரஷர் மாத்திரை பற்றி விசாரிக்கிற மாதிரியே இந்த மாத்திரை பற்றியும் விசாரியுங்கள்.