சப்ரு ஹவுஸ்: ஒரு சங்கமும் அதன் தலைவர்களும்

கவரைப்பேட்டையில் லோக்கல் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சிப்காட் ஊர். ஆனால் அதே ஊரில் முப்பது வருடங்களுக்கும் மேலாக இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்து, அங்கேயே படித்து, கல்யாணமும் ஆன ஒரு தலைமுறையே உண்டு. வெளியுறவு என்றால் டெல்லியில் கோட் போட்டவர்கள் பேசும் விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு ஸ்டேஷன் தூரம் போய் வந்தால் போதும்.

சரி, அந்த டெல்லியில் வெளியுறவைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. அரசாங்கத்துடையது அல்ல, தனியார் கம்பெனியும் அல்ல. உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்திய சொசைட்டி. பெயர் உலக விவகார இந்தியக் கவுன்சில். ஆரம்பித்தது 1943-ல். அதாவது இந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு வெளியுறவுக் கொள்கையே இல்லாத காலத்தில்! தூதர்களை அனுப்புவதும், போரில் இறங்குவதும் லண்டன் முடிவு செய்கிற காரியங்கள். சமைக்க அடுப்பே இல்லாத வீட்டில் விருந்துக்குப் பட்டியல் போட்ட மாதிரி சிலர் உட்கார்ந்து உலக விவகாரம் பேசத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பே இந்த மாதிரி ஒரு அமைப்பு இருந்தது. லண்டனில் 'சாத்தம் ஹவுஸ்' என்று அழைக்கப்படும் அரச பன்னாட்டு விவகாரக் கழகம் 1920-ல் தோன்றியது. அதன் வழியில் 1936-ல் இங்கே இந்தியப் பன்னாட்டு விவகாரக் கழகம் வந்தது. ஆனால் அதில் வைஸ்ராய் அரசின் அதிகாரிகளும் அரசுக்கு நெருக்கமானவர்களும்தான் செல்வாக்காக இருந்தார்கள். அங்கே பேசினால் அரசாங்கத்தின் குரல்தான் எதிரொலிக்கும் என்று மிதவாதத் தலைவர்கள் சிலர் நினைத்தார்கள். அதனால்தான் தனிக்கடை. (பிரிவினையின்போது அந்தப் பழைய கழகம் கராச்சிக்குப் போய் பாகிஸ்தான் பன்னாட்டு விவகாரக் கழகம் ஆனது தனிக் கதை.)

தனிக்கடை போட்டவர்களில் முதல் பெயர் சர் தேஜ் பகதூர் சப்ரு. அலகாபாத்தின் பெரிய வக்கீல். 1920-களின் தொடக்கத்தில் வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1931-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தம் ஏற்பட இரண்டு பக்கமும் பேசிப் பாலம் போட்டவர்களில் ஒருவர். ஜெயிலுக்குப் போகாததால் பாடப் புத்தகத்தில் இவருக்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் காங்கிரஸ்காரரும் வெள்ளைக்காரரும் ஒரே நேரத்தில் மரியாதை வைத்திருந்த ஆட்கள் அன்றைக்கு ரொம்பக் குறைவு. கவுன்சிலின் தலைவராக அவர் பெயர் இருந்ததே ஒரு மூலதனம். காமர்ஸ் பாஷையில் சொன்னால் 'குட்வில்'. பாலன்ஸ் ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத சொத்து!

அந்தக் குட்வில் சீக்கிரமே காசாக்கப்பட்டது. 1945 ஜனவரியில் அமெரிக்காவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பசிபிக் உறவுகள் மாநாடு. அதற்குக் கவுன்சில் சார்பில் போன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட். அண்ணன் நேரு அப்போது சிறையில். மாநாடு முடிந்த பிறகும் அவர் அமெரிக்காவிலேயே தங்கி ஊர் ஊராகப் பேசினார். ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சபையை உருவாக்கும் மாநாடு கூடியபோது, உள்ளே இந்தியாவின் அதிகாரபூர்வக் குழுவுக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தவர் நம் ஊர் ஆற்காடு ராமசாமி முதலியார். பிரிட்டிஷ் அரசு நியமித்த குழு அது. வெளியே, இந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல என்று பத்திரிகைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் விஜயலட்சுமி. முதலியாரைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அடுத்த வருடமே ஐ.நா.வின் பொருளாதார, சமூகக் கவுன்சிலுக்கு முதல் தலைவரானவர் அவர். ஆனால் ஒரு நாட்டுக்கு அரசு அனுப்பும் குரல் வேறு, அரசு அனுப்பாத குரல் வேறு என்பது அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்தது. அந்த இரண்டாவது குரல் அமெரிக்கா போய்ச் சேருவதற்குச் சந்தா கட்டி நடந்த இந்தச் சங்கம் ஒரு வாசலாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து இன்னும் பெரிய காரியம். 1947 மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை டெல்லி புராணா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாடு. சுதந்திரத்துக்கு இன்னும் சுமார் ஐந்து மாதம் இருந்தது. கூட்டியது இடைக்கால அரசு அல்ல, இந்தக் கவுன்சில்தான். தலைமை வகித்தவர் சரோஜினி நாயுடு, தொடக்கவுரை நேரு, கடைசி நாளில் காந்தி வந்து பேசினார். நேருவின் யோசனை, நேருவின் செல்வாக்கு எல்லாம் இருந்தது உண்மை. முஸ்லிம் லீக் புறக்கணித்ததும் அதனால்தான். ஆனால் அழைப்பு ஒரு சங்கத்தின் பெயரில் போனதால்தான் இன்னும் சுதந்திரம் பெறாத நாடுகளும் தாராளமாக வர முடிந்தது. திபெத்திலிருந்து தனிக் குழு வந்தது, சீனக் குழு அதை எதிர்த்து முணுமுணுத்தது. சோவியத் மத்திய ஆசியக் குடியரசுகளும் வந்தன. பாலஸ்தீனத்து யூதர்களும் வந்தார்கள். அரசாங்கம் நேரடியாகக் கூப்பிட்டிருந்தால் இதில் பாதிப் பேர் விஷயத்தில் சம்பிரதாயச் சிக்கல் வந்திருக்கும்.

இலங்கைக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. மாநாட்டில் விவாதித்த தலைப்புகளில் ஒன்று இனப் பிரச்சினைகளும் ஆசிய நாடுகளுக்கு இடையிலான குடியேற்றமும். இலங்கை, பர்மா, மலாயாவில் குடியேறிய இந்தியர்களின் நிலை என்ன என்பது அப்போதே மேஜைக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம், 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1956-ல் அதே பண்டாரநாயக்க பிரதமராகி சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்தார். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 1983 கலவரத்துக்குப் பிறகு படகுகள். கும்மிடிப்பூண்டி முகாமின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், புராணா கிலா பந்தலிலிருந்தும் தொடங்கலாம்.

இந்த மாநாட்டை மேடைக்குப் பின்னால் இருந்து நடத்தியவர் பெயர் பெரும்பாலோருக்குத் தெரியாது. அ. அப்பாதுரை. முதலெழுத்து 'அ' மலபாரின் அங்காடிப்புரம். சென்னையில் அரசியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலை பற்றி அவர் எழுதிய இரண்டு பாகப் புத்தகத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936-ல் வெளியிட்டது. வணிகக் குழுக்கள், வரி, விலை, நில உரிமை என்று கல்வெட்டுகளிலிருந்து கணக்கு எடுத்து எழுதிய ஆள் இவர். காமர்ஸ் படிப்பவர்கள் ஒரு தடவையாவது நூலகத்தில் எடுத்துப் பார்க்க வேண்டிய புத்தகம் அது. இப்படிப்பட்டவர் கவுன்சிலுக்குச் செயலாளராகப் போய் கூட்டம் கூட்டுவது, அறிக்கை தொகுப்பது, 1945-ல் தொடங்கிய 'இந்தியா குவார்ட்டர்லி' இதழைப் பார்ப்பது என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும், தலைவர் பெயர் போஸ்டரில் வரும், செயலாளருக்கு முதுகுவலி வரும்.

மூன்றாவது ஆள் ஹிருதயநாத் குன்ஸ்ரு. 1949 ஜனவரியில் சப்ரு காலமானார். ஏறக்குறைய அந்தக் காலத்திலிருந்து 1978-ல் தான் இறக்கும்வரை, சுமார் முப்பது வருடம், குன்ஸ்ருதான் கவுன்சிலின் தலைவர். கோகலே 1905-ல் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் ஆள். நம் வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரி ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே சங்கம். 1936-லிருந்து அதற்கும் இவரே தலைவர். அந்தச் சங்கத்தில் சேருபவர் சொற்ப ஜீவனத்தில் வாழ வேண்டும் என்பது விதி. கல்லூரியில் காக்கி போட்டு பரேடு போகும் என்.சி.சி. 1948-ல் வந்ததற்கு அடிப்படை இவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கைதான். மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர். பாரத ரத்னா கொடுக்க முன்வந்தபோது, இந்த மாதிரிப் பட்டங்களை அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்தவன் என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

இவர் எந்தக் கட்சியிலும் மந்திரி பதவிக்காக நிற்கவில்லை. ராஜ்ய சபையில் பத்து வருடம் சுயேச்சையாக உட்கார்ந்து, திபெத், சீனா விஷயத்தில் நேரு அரசு போகும் பாதை சரியில்லை என்று நேருவின் முகத்துக்கு நேரே சொன்னார். அதே நேரு 1955-ல் வந்து பாரகம்பா சாலையில் கவுன்சிலின் புதுக் கட்டிடத்தைத் திறந்து வைத்தார். பெயர் சப்ரு ஹவுஸ். அரசாங்கத்தோடு சண்டையும் இல்லை, அரசாங்கத்தின் கைக்குள்ளும் இல்லை. இந்த இடைவெளியைச் சரியாக வைத்திருப்பதுதான் குன்ஸ்ரு செய்த பெரிய வேலை.

அதே 1955-ல் சப்ரு ஹவுசிலேயே இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கியது. முதல் இயக்குநர் அப்பாதுரை. நாட்டில் சர்வதேச உறவில் பி.எச்டி. செய்ய வேண்டும் என்றால் அன்றைக்கு அங்கேதான். 1961-ல் நிகர்நிலைப் பல்கலை ஆனது. 1970-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. படிப்புக்கு நல்லது நடந்தது. ஆனால் சப்ரு ஹவுஸ் தன் ஆராய்ச்சி மூளையை இழந்தது அங்கேதான். கட்டிடமும் நூலகமும் மிச்சம்.

1978-ல் குன்ஸ்ரு போனபோது வயது தொண்ணூறு. இரண்டாம் வரிசை என்று சொல்லிக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்வார்கள்: உறுப்பினர் வருவார், போவார், கம்பெனிக்கு ஆயுள் முடிவதில்லை. காகிதத்தில் சொசைட்டிக்கும் அப்படித்தான். ஆனால் ஒரே மனிதரின் நேர்மையில் முப்பது வருடம் ஓடிய சங்கம் நடைமுறையில் தனிநபர் வியாபாரம் மாதிரிதான். முதலாளி கண் மூடினால் கடையும் தடுமாறும். குன்ஸ்ருவின் ஒரே தவறு என்று சொல்ல வேண்டுமானால் அது இதுதான், ஆனால் சின்னத் தவறு அல்ல.

எண்பதுகளில் சங்கத்துக்குள் யார் உறுப்பினர், யார் தலைவர் என்ற தகராறுகள் வலுத்தன. ஆராய்ச்சி மங்கியது. ஒரு காலத்தில் உலகத் தலைவர்கள் பேசிய சப்ரு ஹவுஸ் அரங்கம் டெல்லிக்காரர்களிடம் எதற்குப் பெயர் வாங்கியது தெரியுமா? பஞ்சாபி காமெடி நாடகங்களுக்கு! அதுவும் கொஞ்சம் இரட்டை அர்த்த நாடகங்கள். நாடகம் போடுவது பாவமில்லை, வாடகை வருமானமும் தேவைதான். ஆனால் வாடகை மட்டுமே பெயர் ஆகிவிட்டதுதான் வருத்தம்.

1990-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுக் கையில் எடுக்கப் பார்த்தது. பாராளுமன்றத்தில் சட்டமாகாமல் அது காலாவதியானது. பத்து வருடம் போனது. 2000 செப்டம்பர் 1-ல் மறுபடியும் அவசரச் சட்டம், இடையில் அது திரும்பப் பிறப்பிக்கப்பட்டு, 2001-ல் பாராளுமன்றச் சட்டம். நிர்வாகச் சீர்கேடு என்பது அரசு சொன்ன காரணம். கவுன்சில் 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம்' ஆனது. சட்டப்படி நாட்டின் துணை ஜனாதிபதி பதவி வழியாகவே அதன் தலைவர். அன்றாடப் பொறுப்பு மத்திய அரசு நியமிக்கும் தலைமை இயக்குநருக்கு.

சொசைட்டி சுதந்திரம் போயிற்று என்று அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு, அது நியாயமான வருத்தம். பாழாய்ப் போன கட்டிடத்தை யாராவது எடுத்தால் போதும் என்றவர்களும் உண்டு. அதற்குப் பிறகு கட்டிடம் புதுப்பிக்கப்பட்டது, நூலகம் பிழைத்தது, இதழ் இன்றும் வருகிறது, கருத்தரங்குகள் நடக்கின்றன. தலைமை இயக்குநர் நாற்காலியில் வெளியுறவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் உட்கார்ந்தார்கள். சுதிர் தேவரே, ராஜீவ் பாட்டியா, நளின் சூரி, பாகிஸ்தானில் இந்தியத் தூதராக இருந்த டி.சி.ஏ. ராகவன், விஜய் தாகூர் சிங். விஷயம் தெரிந்தவர்கள், சந்தேகமில்லை. ஆனால் முப்பது வருடம் அமைச்சகத்தின் வாக்கியங்களை எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற மறுநாள் அமைச்சகத்தைக் கேள்வி கேட்டு எழுதுமா? அப்படி எழுதினாலும் கேட்பவர்கள் அதை அரசின் குரலாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்? 1943-ல் பழைய கழகத்தை விட்டு சப்ருவும் குன்ஸ்ருவும் வெளியே வந்ததே இந்தச் சந்தேகத்தால்தான்.

தலைவர் நாற்காலியும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. சட்டம் வந்தபோது கிருஷ்ண காந்த். பிறகு ஷெகாவத். ஹமீத் அன்சாரி காலத்தில் தலைவரே முன்னாள் தூதர். வெங்கையா நாயுடு, தன்கர். 2025 செப்டம்பரில் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் துணை ஜனாதிபதி ஆனதும், சப்ருவும் குன்ஸ்ருவும் உட்கார்ந்த அந்த நாற்காலி ஒரு தமிழரிடம் வந்து சேர்ந்தது. அதற்குத் தனியாக மனுவும் இல்லை, தேர்தலும் இல்லை.