பழைய பெயர், புதிய பயறு

இத்தாலிய ஏழைகளின் அடுப்பில் பிறந்தது 'பாஸ்தா எ ஃபஜோலி' சூப். அதில் இன்று விழும் பீன்ஸ், 1492-க்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஃபஜோலி என்ற பெயரோ அதனினும் மூத்தது; அங்கே முன்பு விளைந்த வேறொரு பயறுக்கு உரியது. அது நம் காராமணியேதான்! அன்னிபாலே கராச்சி 1580-களில் தீட்டிய 'பீன்ஸ் உண்பவன்' ஓவியத்தில், எளிய மனிதனின் கிண்ணத்தில் இருப்பதும் கருங்கண் காராமணி என்பர். பின்னர் புதியது வயலைப் பிடித்தது, பெயரையும் எடுத்துக்கொண்டது. வரலாற்றில் இத்தகைய களவுகளுக்கு வழக்கு ஏது?

அந்தப் பழஞ்சுவையைத் தேடி நாம் காராமணியிலேயே சமைத்தோம். இரவெல்லாம் ஊறியதை வெங்காயம், பூண்டுடன் வேகவைத்துப் பாதியை மசித்தோம். சிறு பாஸ்தாவை அக்குழைவிலேயே வேகவிட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றினோம். தக்காளி சேர்க்கவில்லை. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே.