பீரங்கியே கொடி

இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படைச் சின்னத்தில் பழைய காலத்துச் சக்கரப் பீரங்கி ஒன்று பக்கவாட்டில் நிற்கும். அதற்கு மேலே நட்சத்திரமும் 'சர்வத்ர' என்ற சொல்லும், கீழே 'இஸ்ஸத்-ஓ-இக்பால்' என்ற தொடரும். எங்கும் மானத்தோடும் புகழோடும் என்பது பொருள். பிரிட்டனின் ராயல் ஆர்ட்டில்லரி சின்னத்தைப் பார்த்தவர்கள் இதை அப்பட்டமான நகல் என்பார்கள். அங்கேயும் பீரங்கிதான், நட்சத்திரம் இருக்கும் இடத்தில் கிரீடம், சர்வத்ர இருக்கும் இடத்தில் அதே பொருள் தரும் 'உபிக்வே' என்ற லத்தீன் சொல். வடிவம் இரவல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பீரங்கியைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை யாரும் இந்தியச் சிப்பாய்களுக்கு இரவல் தரவில்லை. அவர்களிடமிருந்து ஒருமுறை பறிக்கப்பட்ட உரிமை அது.

காலாட்படை தான் வென்ற போர்களின் பெயர்களைக் கொடியில் பொறித்துக்கொள்ளும். பீரங்கிப் படை அப்படிக் கொடி தூக்கிச் செல்வதில்லை. பீரங்கியே அதற்குக் கொடி. அதை எதிரியிடம் விட்டு ஓடினால் கொடியைப் பறிகொடுத்த அவமானம்தான். ராயல் ஆர்ட்டில்லரி எல்லாப் போர்களிலும் நின்ற படை என்பதால் போர்ப் பெயர்களுக்குப் பதிலாக 'உபிக்வே' என்ற ஒற்றைச் சொல்லை நான்காம் வில்லியம் அரசர் 1830களில் வழங்கினார். இந்தியாவுக்கு வந்த மரபு இதுதான்.

இங்கே இன்னொரு ஆட்சேபமும் உண்டு. பம்பாய் பீரங்கிப் படையின் கோலந்தாஸ் (இந்தியப் பீரங்கி வீரர்கள்) பட்டாலியனில் எட்டாம் கம்பெனி தொடங்கப்பட்ட 1827 செப்டம்பர் 28-தான் இன்றும் பீரங்கிப் படையின் பிறந்தநாள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய பிரிவின் நாளைச் சுதந்திர நாடு கொண்டாடுவதா? கேள்வி நியாயமானது, பதில் 1857-இல் இருக்கிறது. கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியர் கையில் பீரங்கி இருக்கவே கூடாது என்று ஆங்கில அரசு முடிவு செய்தது. வங்காளம், பம்பாய், சென்னை மூன்றிலும் இந்தியப் பீரங்கிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன; ஐரோப்பியப் பிரிவுகள் ராயல் ஆர்ட்டில்லரியோடு சேர்க்கப்பட்டன. பரங்கிமலையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சென்னைப் பீரங்கிப் படை அப்படித்தான் மறைந்தது. தப்பியவை பெரும்பாலும் மலைப் பீரங்கி அணிகள். எல்லைப்புற மலைகளுக்கு அவை இல்லாமல் முடியவில்லை என்பதே காரணம். அந்த எட்டாம் கம்பெனி ஐந்தாம் பம்பாய் மலைப் பீரங்கி அணியாக உயிர் பிழைத்தது. பின்னாளில் இத்தகைய அணிகள் கையாண்ட 3.7 அங்குல ஹோவிட்சரைக் கழற்றி எட்டுக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிவிடலாம். 1915-இல் கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு நின்று சுட்டவர்களும் கோஹாட், ஜேக்கப்ஸ் என்ற இரண்டு மலைப் பீரங்கி அணிகளின் இந்தியர்களே. களப் பீரங்கி இந்தியர் கைக்கு மீண்டும் வர 1935 ஆகிவிட்டது. பெங்களூரில் 'ஏ' ஃபீல்டு பிரிகேட் அப்போதுதான் உருவானது. ஆகவே 1827-ஐக் கொண்டாடுவது கம்பெனியைக் கொண்டாடுவது ஆகாது. தடைக்காலம் முழுதும் அறுந்துபோகாமல் நின்ற தொடர்ச்சியை அது நினைவுகூர்கிறது. பீரங்கிப் படையின் முதல் தலைமுறை இந்திய அதிகாரிகளில் ஒருவரான பி.பி. குமாரமங்கலம் 1966-இல் ராணுவத் தலைமைத் தளபதியானார்.

சின்னத்தின் பொருளை யாரும் சொல்லித் தராமலே காட்டியவர் ஹவில்தார் உம்ராவ் சிங். 1944 டிசம்பரில் பர்மாவின் கலாதான் பள்ளத்தாக்கில் அவருடைய பீரங்கியை ஜப்பானியர் அலை அலையாகத் தாக்கினர். உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள், தோட்டாவும் தீர்ந்தது. பீரங்கியைத் தூக்க உதவும் இரும்புத் தண்டை எடுத்துக்கொண்டு அவர் கைகலப்பில் இறங்கினார். ஆறு மணி நேரத்துக்குப் பின் மீட்கப் போனவர்கள், அடையாளம் தெரியாத அளவுக்குக் காயங்களோடு அவர் பீரங்கியின் பக்கத்தில் கிடக்கக் கண்டார்கள். சுற்றிலும் பத்து ஜப்பானியச் சடலங்கள். பீரங்கி பறிபோகவில்லை. விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது. சின்னத்தில் இருக்கும் பீரங்கி உருவம் இந்திய வீரர்களுக்குச் சொந்தமானது இப்படிப்பட்ட களங்களில்தான். பிற்பாடு கிரீடத்தை எடுத்துவிட்டு நட்சத்திரம் வைத்தது, ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றை அரசு பதிவு செய்த செயல் மட்டுமே.